தோட்டத்துக் குளம் பச்சையாவது ஏன்?

விளையின், அதாவது தோட்டத்தின் ஓரத்தில் பத்தடிக்கு ஆறடி குழி வெட்டி, சில்பாலின் என்கிற பிளாஸ்டிக் விரிப்பை விரித்து, தண்ணீர் நிறைத்துப் பாருங்கள். யாரும் கூப்பிடாமலேயே தும்பி வரும், தவளை வரும், மீன்கொத்தி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அதற்கெல்லாம் முன்பே பாசி வந்து உட்கார்ந்திருக்கும். அடிவரை தெரிந்த தண்ணீர் ஒரே வாரத்தில் பச்சையாகிவிட்டால், குளமே கெட்டுப்போனது என்று பதறி மருந்து தேடிக் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

குளம் கெட்டுப்போகவில்லை. புதுக் குளம் தொடக்கத்தில் பச்சையாகத்தான் செய்யும். வைத்த செடி வேர் பிடிக்கவும், பாசியைத் தின்னும் சிற்றுயிர்கள் பெருகவும் இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை சும்மா இருப்பதே பாதி வைத்தியம். அதற்கப்புறமும் பச்சை தெளியவில்லை, அல்லது பல வருடமாக நன்றாக இருந்த குளம் திடீரென்று பச்சையாகிறது என்றால், எங்கிருந்தோ அதற்குத் தீனி வருகிறது என்று அர்த்தம். அந்தத் தீனியைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே விஷயம்.

பாசிக்கு வேண்டியவை வெளிச்சம், சூடு, தண்ணீரில் கரைந்த சத்து. முதல் இரண்டுக்கும் குமரி மாவட்டத்தில் பஞ்சமே கிடையாது. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் பாசி தானாக அடங்கும். நமக்கு அந்தச் சலுகை இல்லை. வெளிச்சத்தை இலை போர்த்திக் கொஞ்சம் மறைக்கலாம். சூட்டை ஒன்றும் செய்ய முடியாது. மிச்சம் இருப்பது சத்து. அது வேறொன்றுமில்லை, நாம் வாழைக்கும் தென்னைக்கும் போடுகிற அதே தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். நன்னீரில் பெரும்பாலும் பாசிக்குக் கடிவாளம் போடுவது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். ஒரு கிராம் பாஸ்பரஸ் சில நூறு கிராம் ஈரப்பாசியை வளர்த்துவிடும்.

இதை ஒரு வீட்டின் வரவு செலவுக் கணக்கு மாதிரி எடுத்துக்கொண்டால் எல்லாம் எளிதாகிவிடும். குளத்துக்குள் வந்து விழும் இலை, ஓடிவரும் உரம், மீனுக்குப் போடும் தீனி எல்லாம் வரவு. நாம் வெளியே எடுத்துப் போடும் பாசி, செடி, சேறு மட்டும்தான் செலவு. மணிச்சத்து ஆவியாகிப் போகாது. வெயிலில் தண்ணீர் வற்றினால் மீதித் தண்ணீரில் அது இன்னும் செறிவாகத்தான் ஆகும். பாசியை மருந்து போட்டுக் கொன்றாலும், செத்த பாசி அழுகி உள்ளே இருந்த சத்தை அப்படியே தண்ணீரில் விட்டுவிடும். கணக்கில் ஒரு பைசாகூடக் குறையாது. அடுத்த பாசிக்கு முதலீடு தயார்.

எந்தப் பாசி?

முதலில் வந்திருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முழுவதும் சீராகப் பச்சையாக, கண்ணாடித் தம்ளரில் எடுத்தாலும் பச்சையாகவே இருந்தால், அது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் பாசி. பார்க்க அழகில்லையே தவிர தவளைக்கும் பூச்சிக்கும் பெரிய கெடுதல் இல்லை. குச்சியில் நூல் நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் இழைப்பாசி. தண்ணீர் தெளிந்திருக்கும், ஆனால் அடியிலிருந்து பாய் பாயாக எழும்பி மிதக்கும். இதைக் கையால் எடுத்துவிடலாம், அதனால் இதுதான் நமக்கு வசதியான எதிரி.

கவனிக்க வேண்டியது மூன்றாவது. குச்சியை விட்டு எடுத்தால் இழை எதுவும் வராமல் பச்சைப் பூச்சாக ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றமும் அடித்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். உண்மையில் அது பாசி இல்லை, பாக்டீரியா வகை. சில இனங்கள் நஞ்சு சுரக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்து மாடும் நாயும் சாவது உலகெங்கும் நடந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பாகம் தண்ணீர் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே வளையம் கட்டி மிதந்தால் ஆடு, மாடு, நாய் எதையும் அந்தக் குளத்தின் பக்கம் விடாதீர்கள். அந்தத் தண்ணீரைக் கீரைக்கும் ஊற்ற வேண்டாம்.

ஒரே நாளில் கொன்றால் என்ன ஆகும்?

பாசி பகலில் ஆக்சிஜன் விடும், ராத்திரியில் அதே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் குளத்தில் மூச்சு முட்டும் நேரம் விடியற்காலை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அப்போதுதான். இந்த நிலையில் மருந்தைக் கொட்டி மொத்தப் பாசியையும் ஒரே நாளில் கொன்றால், ஆக்சிஜன் விடுவதற்குப் பாசி இருக்காது. செத்த பாசியை அழுக வைக்கும் பாக்டீரியாக்கள் இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மீனும் தலைப்பிரட்டையும் மிதக்கும். மருந்து கொல்லாததை மூச்சுத்திணறல் கொல்லும்.

நம் ஊரில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11 மில்லிகிராம் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். குளிர்நாட்டுக் குளம் தாங்குகிற அதிர்ச்சியைத் தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ மே மாதத்துக் குளம் தாங்காது.

அப்புறம் துருசு, அதாவது மயில்துத்தம். ரப்பருக்கும் தென்னைக்கும் போர்டோ கலவை கலக்க வாங்கியது வீட்டுப் புறக்கடையில் ஒரு டப்பாவில் கிடக்கும். ஒரு பிடி போட்டால் பாசி போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். பாசி போகும் என்பது உண்மைதான். கூடவே நத்தை போகும், தலைப்பிரட்டை போகும், சிறுமீனும் போகும். துருசில் இருப்பது செம்பு. அது சிதைந்து மறையாது, சேற்றில் தங்கிவிடும். தண்ணீர் மென்தண்ணீராக இருந்தால் செம்பின் நஞ்சு இன்னும் கடுமை. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்பாறை மண்ணில் ஊறும் தண்ணீரும் மழைத்தண்ணீரும் பெரும்பாலும் மென்தண்ணீர்தான். மருந்து அடித்த டேங்கைக் குளத்தில் கழுவுவதுகூட வேண்டாம். பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, கல் உப்பு எல்லாவற்றையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இயற்கையானது என்று யாராவது இலுப்பைப் புண்ணாக்கைத் தந்தால் அதையும் வாங்காதீர்கள். மீன் பண்ணைக்காரர்கள் குளத்தில் இருக்கிற மீனையெல்லாம் கொன்று காலி செய்யப் பயன்படுத்துவது அதுதான்.

வரவு எங்கிருந்து வருகிறது?

நம் மாவட்டத்தின் நிலம் மேலும் கீழுமாகச் சரிந்த நிலம். மேல்விளைக்காரர் தென்னை மூட்டில் உரம் வைத்த மறுநாள் மழை பெய்தால், அதில் ஒரு பங்கு கீழ்விளையில் இருக்கும் உங்கள் குளத்துக்கு வந்து சேரும். ஜூனில் முதல் பெருமழைக்கு ஒரு வாரம் கழித்துக் குளம் பச்சையாகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். குளத்துக்கு மேல்புறம் முக்கால் அடி உயரத்துக்கு ஒரு வரப்புப் போட்டு, அதன் மேல் வெட்டிவேரோ எலுமிச்சைப்புல்லோ நெருக்கமாக நட்டுவிட்டால், ஓடிவரும் தண்ணீர் திரும்பிப் பக்கவாட்டில் போய்விடும். வரப்பின் மேற்புறத்தில் நாலு மூடு சேம்பு வைத்தால் இன்னும் நல்லது. ஈரமும் சத்தும் இருக்கிற இடத்தில் சேம்பு அடித்துக்கொண்டு வளரும். குளத்துக்குப் போக வேண்டிய சத்து குழம்புக்குப் போகும்.

ரப்பர் இருக்கிற வீடுகளில் இரண்டு விஷயம். ஒன்று, ஷீட் அடிக்கிற இடத்துத் தண்ணீர். பாலை உறைய வைத்து ஷீட்டாக்கிய பிறகு மிஞ்சும் தண்ணீரில் ஆசிட் இருக்கும், புரதமும் சர்க்கரையும் கரைந்திருக்கும். அழுகினால் நாறும், ஆக்சிஜனை உறிஞ்சும். அதன் ஓடை குளத்தைத் தொடவே கூடாது. இரண்டு, இலையுதிர்வு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் இலை கொட்டும் காலத்தில் குளத்தின் மேல் பழைய மீன்வலை ஒன்றைக் கட்டி வைத்து, வாரம் ஒரு முறை உதறிவிடுங்கள். வலையை இழுத்துக் கட்ட வேண்டும்; தொய்ந்து கிடந்தால் பாம்பும் பறவையும் மாட்டிக்கொள்ளும்.

மாடியிலிருந்து குழாய் போட்டு மழைத்தண்ணீர் பிடிப்பது நல்ல யோசனை, ஏனென்றால் மழைத்தண்ணீரில் சத்து மிகக் குறைவு. ஆனால் கோடை முழுக்க மாடியில் சேர்ந்த காக்கை எச்சமும் தூசியும் முதல் மழையில்தான் வரும். முதல் இரண்டு மழைத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டு அதற்குப் பின் குளத்துக்கு விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் விடுவதானால், சுற்றிலும் உரம் அதிகம் போடும் தோட்டமா என்று பாருங்கள். யூரியாவின் நைட்ரேட் கிணற்றுக்குள் இறங்கியிருக்கலாம். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றவும்.

செடி நடும் தொட்டியில் எரு கலந்த மண்ணைப் போடுவதும் வரவுதான். பூச்செடிக்குப் போல ஆட்டுப்புழுக்கையும் மண்புழு உரமும் கலந்து தாமரையை இறக்கினால், தாமரைக்கு முந்திப் பாசி சாப்பிட்டுவிடும். சத்தில்லாத களிமண் போதும். மேலே இரண்டு விரற்கடை மணல் போட்டு மூடினால் மண் கலங்காது.

மீன் தீனியைப் பற்றி ஒன்றே ஒன்று. தவளைக்கும் தும்பிக்குமாகத்தான் குளம் என்றால் தீனி போடவே வேண்டாம்.

செலவு எப்படி?

இழைப்பாசியை மூங்கில் கம்பில் சுற்றி எடுக்கலாம். கம்பின் நுனியில் பழைய ஈர்க்கு வாரியலின் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். மெதுவாக ஒரே பக்கமாகச் சுற்றினால் நூலாகச் சேர்ந்து வரும். வேகமாக இழுத்தால் அறுந்து மறுபடி பரவும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், ஏனென்றால் அது பல உயிர்களுக்கு வீடு. எடுத்த பாசியை உடனே தூக்கி எறியாமல் கரையிலேயே, தண்ணீரைத் தொட்டபடி, ஒரு ராத்திரி போட்டு வையுங்கள். பக்கத்தில் குனிந்து பார்த்தால் தெரியும்: மிளகளவு நத்தைகள், தும்பியின் கால் நீண்ட பழுப்பு இளம்பூச்சிகள், தண்ணீர் வண்டு எல்லாம் பிடுங்கிக்கொண்டு ஊர்ந்து திரும்பும். மறுநாள் அந்தப் பாசியை வாழை மூட்டிலோ தென்னைத் தடத்திலோ போடுங்கள். கரையிலேயே விட்டுவிட்டால் அழுகி, மழையில் மறுபடி உள்ளேதான் போகும். நம் பெரிய குளங்களிலிருந்து விவசாயிகள் கோடையில் வண்டல் அள்ளி வயலுக்குக் கொண்டுபோவதும் இதே வேலைதான், பெரிய அளவில்.

செடிகள் நமக்காக இதே வேலையை ஓய்வில்லாமல் செய்யும். வேலம்பாசி மாதிரி தண்ணீருக்குள் முழுகி வளரும் செடி சத்தை நேரடியாகத் தண்ணீரிலிருந்தே இழுக்கும். ஆம்பல் இலை வெயிலை மறைக்கும். நீர்ப்பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இலை மூடியிருந்தால் போதும். முழுக்க மூடினால் அடியில் இருட்டாகி முழுகிய செடி செத்துவிடும். தாமரை எல்லோருக்கும் ஆசை, ஆனால் சின்னக் குளத்தில் அது மற்ற எதையும் வாழவிடாது. வேண்டுமென்றால் ஒரு அகன்ற தொட்டியில் அடைத்து இறக்குங்கள். கரையில் வல்லாரையும் நீர்ப்பிரமியும் வசம்பும் வைக்கலாம். இந்தச் செடிகளை அவ்வப்போது கத்தரித்து வெளியே எடுக்காவிட்டால் செலவுக் கணக்கில் வராது. செடி வளர்ந்து அங்கேயே அழுகினால், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்த மாதிரிதான்.

தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணியான அசோலா பற்றிக் கேட்பார்கள். கோழிக்கும் மாட்டுக்கும் தீனியாகப் பலர் வளர்க்கிறார்கள். அது மணிச்சத்தை நன்றாக இழுக்கும், நிழலும் தரும். வாரம் தவறாமல் அள்ளிக் கோழிக்குப் போடுகிறவர் என்றால் சரி. அள்ளச் சோம்பல் உள்ளவர் என்றால் தொடவேண்டாம். ஒரு மாதத்தில் தண்ணீரே தெரியாமல் மூடிவிடும்.

யார் பாசியைத் தின்கிறார்கள்?

பச்சைத் தண்ணீரைத் தெளிய வைப்பதில் பெரும்பங்கு ஊசிமுனை அளவே இருக்கும் தண்ணீர்த் தெள்ளுக்கு. வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துப் பார்த்தால் துள்ளித் துள்ளி நீந்தும். அது ஒற்றைச்செல் பாசியை வடிகட்டித் தின்னும். மீன் அதைத் தின்னும். அதனால்தான் மீன் கூடினால் பச்சையும் கூடுகிறது. தங்கமீனும் திலேப்பியாவும் சேற்றைக் கிளறி, எச்சத்தையும் போட்டு, தவளை முட்டையையும் தின்றுவிடும். காட்டுயிர்க் குளத்துக்கு அவை ஆகாது.

உடனே கொசு என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு விரும்புவது பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மழையில் நிறைந்த சிரட்டை, ரப்பர் மரத்தில் கவிழ்க்காமல் விட்ட பால் சிரட்டை மாதிரியான இடங்களை. தும்பியின் இளம்பூச்சியும் தண்ணீர் வண்டும் இருக்கும் குளம் கொசுப் புழுவுக்குப் பிழைக்கும் இடமில்லை. அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், நம் வாய்க்கால்களில் தண்ணீர்ப் பரப்பை ஒட்டி நீந்தும், தலையில் ஒரு வெள்ளிப்பொட்டு மின்னும் சிறுமீனை நாலைந்து விடுங்கள். கொசுவை ஒழிக்க வந்த கம்பூசியா மீன் வேண்டாம், அது தலைப்பிரட்டையையும் கடித்துக் குதறும்.

இணையத்தில் தேடினால் பார்லி வைக்கோலைக் கட்டிக் குளத்தில் போடச் சொல்வார்கள். அது பிரிட்டன் பக்கத்துப் பழக்கம். இருக்கிற பாசியை அது கொல்லாது, புதிதாக வளர்வதைத்தான் தடுக்கும் என்கிறார்கள். அதிலும் பலன் ஒரு குளத்தில் கிடைக்கும், இன்னொன்றில் கிடைக்காது. பார்லிக்குப் பதில் நம் நெல் வைக்கோலைப் போடலாமா என்றால், என் பதில் வேண்டாம். நம் சூட்டில் வைக்கோல் வேகமாக அழுகும். ஊறிய வைக்கோல் தண்ணீரின் வாசனைக்குக் கியூலெக்ஸ் கொசு தேடி வந்து முட்டையிடும். கொசு ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் பிடிக்கும் பொறியில் ஊற்றுவதே இப்படி ஊறிய புல் தண்ணீரைத்தான்.

எப்போது கை வைப்பது?

வெளிநாட்டுக் குறிப்புகள் குளத்தை இலையுதிர்காலத்தில், அதாவது அக்டோபர் வாக்கில் சுத்தம் செய்யச் சொல்லும். நமக்கு அக்டோபர் வடகிழக்குப் பருவமழை, ஜூன் தென்மேற்குப் பருவமழை. இரண்டிலும் தவளை முட்டையிடும். தொட்டிச் சுவரிலோ தண்ணீருக்கு மேல் தொங்கும் இலையிலோ வெள்ளை நுரை ஒரு கைப்பிடி அளவு ஒட்டியிருந்தால், சோப்பு நுரை என்று கழுவிவிடாதீர்கள். அது மரத்தவளையின் கூடு. உள்ளே முட்டைகள் பொரிந்து, தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழும். ஆகவே சேறு அள்ளும் வேலைக்கு பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் சரியான சமயம். ரப்பர் இலை கொட்டி முடிந்திருக்கும், தண்ணீரும் இறங்கியிருக்கும். மொத்தத்தையும் வடிக்க வேண்டாம். பாதிக் குளத்தை இந்த வருடம், மீதியை அடுத்த வருடம் என்று எடுத்தால் உயிர்கள் மறுபாதியில் ஒதுங்கிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் குளம் நிரம்பி வழியும் இடத்தை வாழைக்குத் திருப்பி, உள்ளே இருக்கும் செடியும் மீனும் தப்பி வெளியே போகாமல் அந்த இடத்தில் கொசுவலை கட்டி வையுங்கள். இது உங்கள் குளத்தை விட ஊர்க் குளத்துக்காக. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் கால்வாய்கள் இங்கே ஒரு குளத்தை இன்னொன்றோடு இணைக்கின்றன. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தவை. பூ அழகாக இருக்கிறதே என்று யாராவது வெங்காயத்தாமரை கொடுத்தால் வாங்க வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஏற்கெனவே இருந்தால் பிடுங்கி, வாய்க்காலில் எறியாமல், கரையில் நன்றாக வெயிலில் காயவிட்டு, அப்புறம் தென்னைத் தடத்தில் மூடுங்கள்.